இருபத்தேழு கோட்டு வீடு

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். சிப்பித்துறைக்காரன் கதை சொல்லுதான்னா கடல்ல இருந்து கன்னி எந்திரிச்சு வருவா, தேங்காத் தண்டிக்கு முத்து கெடைக்கும், முழுகிப்போனவன் ஈரத்தோட வந்து கதவைத் தட்டுவான், அப்படித்தானே. முன்னால இருக்கிற அக்கா இப்பமே சேலைத் தலைப்பை இழுத்துப் பிடிச்சாச்சு. விடுங்கக்கா, பயப்படுத மாதிரி ஒண்ணும் இல்ல. கடைசில நிக்கிற அண்ணனுக்கு நான் எங்க சர்ச்சுப் பங்குச்சாமி குரல்ல பேசணும், அதுக்குத்தான் வந்திருக்காரு, பேசுவேன், பொறுங்க. ஆனா இதுல கன்னியும் இல்ல, முத்தும் இல்ல. ஒரு கோடு. படுக்கவாட்டுல, ஒரு விரல் அகலத்துல, வெள்ளையா ஒரு கோடு. அவ்வளவுதான். எந்திரிச்சுப் போறவங்க இப்பமே போயிடலாம்.

யாரும் போகல. சரி.

எங்க ஊர்ல ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு மேலயும் கல்லுல ஒரு கேடயம் பதிச்சிருக்கும், தாம்பாளம் அளவுக்கு, அடியில கூம்பி, கடுநீலத்துல. அந்த நீலத்துக்குக் குறுக்க வெள்ளைக் கோடு. சில வீட்டுக்கு ஒண்ணு, சில வீட்டுக்கு ரெண்டு, எங்க வீட்டுக்கு மூணு, கஸ்பார் ஐயா வீட்டுக்கு மட்டும் அஞ்சு. என்னைக்கோ கப்பல்ல வந்த ஒரு வெள்ளைக்காரக் கப்பித்தான், எங்க ஆளுங்க மூச்சடக்கி எடுத்துக் குடுத்த முத்துக்கெல்லாம் பதிலா, வேற குடுக்க மனசில்லாம வீட்டுக்கு வீடு இந்தக் கேடயத்தைப் பதிச்சுட்டுப் போனான்னு சொல்லுவாவ. கோட்டுக்கு என்ன அர்த்தம்னு அவனும் சொல்லல, இவியளும் கேக்கல. கேக்காததுனால சண்டையே இல்லாம எல்லாரும் ஒத்துக்கிட்டாவ: கோடு கூடுனா ஒசத்தி.

அதுல இருந்து ஒரு வழக்கம் வந்துது. தன் வீட்டைவிடக் கோடு கொறஞ்ச வீட்ல சோறு திங்கக்கூடாது. தண்ணி குடிக்கலாம், காப்பி குடிக்கலாம், பணியாரம்கூட ஒண்ணு ரெண்டு வாயில போட்டுக்கிடலாம். சோறு மட்டும் ஆகாது. மீன் ஏலம் கூறுத மிக்கேலம்மா ஒத்தக் கோட்டு வீடு, அதனால ஊர்ல அநேகமா எல்லா வீட்லயும் அவ கை நனைக்கலாம். அவ வீட்ல ஒத்தக் கோட்டுக்காரவிய தவிர ஒருத்தரும் நனைக்க முடியாது. கஸ்பார் ஐயா வீட்ல ஊரே சாப்பிடும். கஸ்பார் ஐயாவோ எழுவத்திரெண்டு வயசு வரைக்கும் அடுத்த வீட்டுச் சோறு எப்படி இருக்கும்னு அறியாத மனுசன். கல்யாண வீட்ல எல்லாரும் பந்தியில இருக்கையில அவரு மட்டும் வெளிய நாற்காலி போட்டுக் கலர் குடிச்சுக்கிட்டு இருப்பாரு. அதைப் பாத்து நாங்க பெருமைப்படுவோம்.

இப்படி இருக்கிற ஊர்ல, கோடே இல்லாத வீடு ஒண்ணு இருந்துது. எங்க வீட்டுக்கு நேர் எதுத்த வீடு. கேடயம் உண்டு, நீலம் உண்டு, கோடு கெடையாது. கப்பித்தான் ஆளுங்க வரைஞ்சுக்கிட்டே வந்த அன்னைக்கு அந்த வாசலுக்கு வரையில வெள்ளைச் சாயம் தீந்துபோச்சாம், நாளைக்கு வாறோம்னு சொல்லிட்டுப் போனவன் வரவே இல்லையாம். சாயம் தீந்த பாவத்துக்கு, தலைமுறை தலைமுறையா அந்த வீட்டுச் சோத்தை ஒருத்தரும் தொட்டதில்ல. அந்த வீட்டுக் கடைசி ஆளுதான் லெயோன். முப்பத்தாறு வருசம் கப்பல்ல சமைச்சவரு. கப்பல் சமையல்காரரை எங்க பக்கம் பண்டாரின்னு சொல்லுவோம், அதனால லெயோன் பண்டாரி. கல்யாணம் ஆகல. கடல் வேலையை விட்டு வந்து நாலு வருசமா அந்த வீட்ல தனியா இருந்தாரு.

அவருக்கு ஒரு கொறை. பதினெட்டு பேருக்குத்தான் சமைக்கத் தெரியும். கப்பல்ல அவரோட சேத்துப் பதினெட்டு பேரு. கொறைச்சுப் பாத்திருக்காரு, வரல. ஒராளுக்குன்னா உப்பு எவ்வளவுன்னு கை தவிச்சுப்போகுதும்பாரு. அதனால தெனமும் மத்தியானம் பதினெட்டு பேருக்கு வடிச்சு, சாளையோ நெத்திலியோ பதினெட்டு பேருக்குக் கொழம்பு வச்சு, கூடத்துல பதினெட்டு தட்டையும் வரிசையாப் பரத்தி, ஒரு தட்டுல மட்டும் போட்டுச் சாப்பிடுவாரு. மிச்சத்தைத் தூக்கிக்கிட்டுக் கடக்கரைக்குப் போவாரு. எங்க ஊர்க் காக்காய்ங்க பறக்க மாட்டாம நடந்து திரியும்.

நான் எதுத்த வீட்ல உக்காந்து அந்தக் கொழம்பை மோந்துக்கிட்டே எங்க வீட்டுப் பருப்பைப் பெசைஞ்சு தின்னுவேன். அவரு இருமுறது, தட்டை வைக்கிறது, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவுல தொண்டையைச் செருமுறது எல்லாத்தையும் அப்படியே செஞ்சு காட்டுவேன், டீக்கடையில கேட்டவன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஊர்ல அவரை என்னை மாதிரி அறிஞ்சவன் கெடையாது. ஆனா அவரு வீட்டுப் படியை நான் ஒரு நாளும் ஏறுனதில்ல.

அப்படி இருக்கையில ஒரு புதன்கிழமை, கோயில்ல சாயங்கால மணி அடிக்கையில, லெயோன் பண்டாரி வீட்டுக் கேடயத்துல ஒரு கோடு விழுந்துது. யாரும் ஏணி போடல, யாரும் தூரிகை எடுக்கல. மணி அடிச்சு ஓயுததுக்குள்ள, ஈரத்துணியில பால் ஊறுத மாதிரி, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு வெள்ளையா ஊறி வந்து நின்னுது. ஏன் அன்னைக்குன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. முதல்ல பாத்தது மிக்கேலம்மா. காலிக் கூடையை இடுப்புல வச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்தவ, பஸ்ஸு வந்துட்டுன்னு சொல்லுத மாதிரி, பண்டாரிக்குக் கோடு வந்துட்டுன்னு தெருவுக்குப் பொதுவாச் சொல்லிட்டு நடையைக் கட்டிட்டா.

மறுநாள் மணி அடிக்கையில ரெண்டு. அதுக்கு மறுநாள் மூணு. பஸ்ஸு சீட்டுல ஆளுங்க நெருங்கி உக்காந்து இடம் விடுத மாதிரி, பழைய கோடு தன்னைச் சன்னமாக்கிப் புதுக் கோட்டுக்கு இடம் குடுத்துது. கோடு எப்படி விழுந்துதுன்னு ஊர்ல ஒருத்தரும் கேக்கல. தானா வந்த கோடு, குடுத்து வந்த கோட்டுக்குச் சமமா, அதுதான் கேள்வி. கஸ்பார் ஐயா ஊர்க் கமிட்டியைக் கூட்டுனாரு. சமம்னு பாதி, இல்லைன்னு பாதி. தானா மொளைச்ச பல்லுதானே பல்லு, கட்டுன பல்லா பல்லுன்னு மிக்கேலம்மா கேக்க, கட்டுன பல்லுக்காரரான கஸ்பார் ஐயா வாயை மூடிக்கிட்டாரு. கடைசில பங்குச்சாமிகிட்டப் போனாவ. அண்ணே, இதான் உங்களுக்கு: "அன்பான இறைமக்களே, கோடு ஆண்டவருடையதா என்று பிறகு பார்ப்போம். ஏணி யாருடையது என்று முதலில் விசாரியுங்கள்."

ஏணி இல்லைன்னு ஆனதும் சாமி கோவாவுல இந்தக் கேடயத்தையெல்லாம் படிச்ச ஒருத்தருக்கு எழுதிப் போட்டாரு. பதில் வந்துது. கேடயத்துக்குக் குறுக்க அகலமா ஒரு பட்டை உண்டாம், அது வீரன் இடுப்புல கட்டுத கச்சையாம். எங்க கோடு அதோட சின்னப் பிள்ளையாம். சன்னக் கோடு சாதாரணமா ஒத்தையா வராதாம், சோடி சோடியாத்தான் வருமாம். ரெண்டு கோட்டுக்கு நடுவுல அடி நெறம் தெரியணுமாம், தெரியலைன்னா கோடுங்கிற பேரே இல்லையாம். அர்த்தம் என்னன்னா, அவரவர் வச்சதுதான் அர்த்தமாம். இந்தக் கடைசி வரியைச் சாமி வாசிக்காம மடிச்சு வச்சுட்டாரு. நான் பின்னால நின்னு பாத்தேன்.

பதில் வந்து தீர்ப்பு ஆகுததுக்குள்ள பதினோரு நாள் போயிட்டு, பதினோரு கோடு விழுந்துட்டு. சமம்னு தீர்ப்பு. அப்படின்னா ஊர்லயே ஒசந்த வீடு அதுதான். அப்படின்னா ஊர்ல எவன் வேணும்னாலும் அங்க சாப்பிடலாம். அந்த ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு, தலைக்கு எண்ணெய் வச்சுச் சீவிக்கிட்டு, நாங்க பதினேழு பேரு அந்தப் படியை ஏறினோம்.

லெயோன் பண்டாரி கொழம்புச் சட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. வாங்கன்னுகூடச் சொல்லல. தட்டு ஏற்கனவே வரிசையாத்தான் இருந்துது. ஒவ்வொரு தட்டா ஆளு உக்கார உக்கார, அவரு வாய்க்குள்ளேயே எண்ணிக்கிட்டு வந்தாரு. பதினேழாவது ஆளு உக்காந்ததும் அவரு முதல் தட்டுல இருந்து மறுபடியும் ஒரு தடவ எண்ணிப் பாத்தாரு. எங்களுக்கு ஊத்தி முடிச்சு, பதினெட்டாவது தட்டுல அவரும் உக்காந்தாரு. கஸ்பார் ஐயா சம்மணம் போட்டு, ஒரு வாய் வச்சு, அப்படியே நிறுத்திட்டாரு. எழுவத்திரெண்டு வருசத்துல அடுத்த அடுப்புல வெந்த முதல் வாய். நாங்க எல்லாரும் தட்டைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டோம்.

"எங்க வீட்ல புளி கொஞ்சம் கம்மியா விடுவா," ன்னாரு. அவ்வளவுதான். மூணு தடவ சோறு வாங்குனாரு.

அன்னைக்குச் சாயங்காலம் பாத்தா கேடயத்துல பத்துதான் இருந்துது. முதல்ல யாரும் கண்டுக்கல. தெனமும் மத்தியானம் ஆள் மாத்தி ஆளு போனோம், தெனமும் ஒரு கோடு நீலத்துக்குள்ள முழுகிச்சு. ஆறாவது நாள் அஞ்சுல வந்து நிக்கையில கஸ்பார் ஐயாவுக்குச் சுருக்குன்னுது. நாளைக்கு நாலாகிட்டா அவரால அங்க கை நனைக்க முடியாது. அதுகூடப் போகட்டும், அதுக்குள்ள விசயம் பரவி, கோயில் திருவிழாவுக்கு வாற ஆயர் அந்தப் பதினோரு கோட்டு வீட்டைப் பாக்கணும்னு சொல்லி அனுப்பிட்டாரு. பக்கத்து ஊர்க்காரன் பொறாமையில கண்ணு மஞ்சளிச்சுக் கெடக்கான். கமிட்டி கூடிச்சு. தனியாச் சாப்பிட்டாக் கோடு விழுது, கூடச் சாப்பிட்டாக் கோடு அழியுது, இதுல யோசிக்க என்ன இருக்கு. ஊர் மானத்துக்காகத் திருவிழா வரைக்கும் பண்டாரி வீட்ல யாரும் சாப்பிடக்கூடாதுன்னு முடிவாச்சு. கஸ்பார் ஐயாவே போய் வாசல்ல நின்னு, உம்ம நல்லதுக்குத்தான், ஒரு மாசந்தானேன்னு சொன்னாரு. சொல்லும்போது மூக்கு அடுப்படிப் பக்கமே இருந்துது. பண்டாரி கரண்டியைத் தொடைச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டாரு, மேல பாக்கவே இல்ல. அந்த மனுசன் ஒரு நாளும் அந்தக் கேடயத்தை அண்ணாந்து பாத்து நான் கண்டதில்ல.

மறுபடி கோடு ஏறுச்சு. ஆறு, ஏழு, பத்து, பதினஞ்சு. கோயில்ல முதல் பெஞ்சு அவருக்கு, அவரு மட்டுந்தான் அதுல உக்காரணும். தெருவுல நடந்தா எல்லாரும் ஒதுங்கி நிப்பாவ. கோடு இல்லாத காலத்துல அவரு வீட்டுக்கு யாரும் சாப்பிடப் போக முடியாம இருந்துது. இப்பம் அவரு எந்த வீட்டுக்கும் போக முடியாம ஆச்சு, எல்லாமே அவருக்குக் கொறைஞ்ச வீடு. ஒரு நாள் மத்தியானம் மிக்கேலம்மா வீட்டு வாசல்ல போய் நின்னு, உன் கூட உக்காந்து ஒரு வாய் திங்கட்டுமான்னு கேட்டிருக்காரு. ஊரையே வாயால வெட்டுத மிக்கேலம்மா, அன்னைக்கு முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு, நீங்க எவ்வளவு பெரிய வீடு, எங்க கஞ்சியில நீங்க கை வைக்கலாமான்னு மரியாதையாச் சொல்லி அனுப்பியிருக்கா. அவ திட்டியிருந்தா அவரு சிரிச்சுக்கிட்டே போயிருப்பாரு.

அதுக்கப்புறந்தான் என்கிட்ட வந்தாரு. தெருவுல ஆளு இல்லாத நேரமாப் பாத்து வந்து எங்க வாசல்ல நின்னு, கப்பல்காரவிய மாதிரிப் பேசுவியான்னு கேட்டாரு. நான் எவனைக் கண்டேன், நீங்க சொன்னாத்தானே அண்ணேன்னேன். சொன்னாரு. மலையாளத்து இஞ்சின்காரன் ஒருத்தன், சோத்தைப் பாத்ததும் அம்மையைக் கூப்பிடுவான். காயல்பட்டினத்து ஆளு ஒருத்தரு, போதும் போதும்னு சொல்லிக்கிட்டே மூணு தடவ வாங்குவாரு. ஆந்திராக்காரன் ஒருத்தன் காரம் பத்தலைன்னு கண்ணீர் வடிய வடியச் சொல்லுவான். ஒவ்வொருத்தனையா, மூக்கால பேசுறவன் மூக்கோட, திக்குறவன் திக்கலோட, நின்ன வாக்குல பதினேழு பேரையும் சொல்லி முடிச்சாரு.

"நீ உங்க வீட்ல இருந்தே பேசு," ன்னாரு. "நான் எங்க வீட்ல உக்காந்து சாப்பிடுதேன். நீ சோத்தைத் தொட வேண்டாம். யாருக்கும் ஒரு கொறையும் வராது."

பேசுனேன். சன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு அந்தத் தெருவைத் தாண்டிப் பதினேழு பேரையும் அனுப்புனேன். இஞ்சின்காரன் அம்மையைக் கூப்பிட்டான், காயல்பட்டினத்தாரு போதும் போதும்னாரு, ஆந்திராக்காரன் அழுதான். எதுத்த வீட்ல இருந்து பண்டாரி அதட்டுனாரு, சிரிச்சாரு, எலேய் மெதுவாத் தின்னு, எவன் புடுங்கப் போறான்னாரு. நாலு வருசத்துல அந்த வீட்ல நான் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கு அதைச் செய்ய வரல, இன்னைக்கு வரைக்கும் வரல.

அன்னைக்குச் சாயங்காலம் ஒரு கோடு கொறைஞ்சுது. கஸ்பார் ஐயா எங்க வீட்டுக்கு வந்தாரு. கோவப்படல, உக்காந்து காப்பி வாங்கிக் குடிச்சாரு.

"உன் தொண்டையும் பந்தியில உக்காந்த மாதிரிதாம்லே," ன்னாரு. "நிறுத்திக்கோ."

நிறுத்திக்கிட்டேன். மறுநாள் மத்தியானம் எதுத்த வீட்ல தட்டு பரத்துத சத்தம் கேட்டுது. அப்புறம் ஒரு செருமல். அப்புறம் ரொம்ப மெதுவா, அந்த இஞ்சின்காரனை அவரே பேசிப் பாத்தாரு. வரல. மறுபடியும் பாத்தாரு. அம்மேங்கிற அந்த ஒத்தச் சொல்லு, இஞ்சின்காரன் குரலும் இல்லாம, அவரு குரலும் இல்லாம, தெருவைத் தாண்டி வந்துது. நான் எந்திரிச்சுப் போய் எங்க வீட்டு ரேடியோவைச் சத்தமா வச்சேன்.

கோடு இருபத்தேழு ஆச்சு. நூல் நூலா, நடுவுல நீலம் தெரிஞ்சும் தெரியாம. திருவிழாவுக்கு ஒம்பது நாள் இருக்கையில, கொடியேத்துன அன்னைக்கு, ஊர் மொத்தமும் விடியக்காலம் இருந்து கோயில்ல நவநாள் செபத்துல உக்காந்துட்டுச் சாயங்காலம் எந்திரிச்சு வந்து பாத்தா, கேடயத்துல இருபத்தஞ்சு. ராத்திரிச் சாப்பாட்டு வேளை தாண்டுனதும் இருபத்துநாலு. மறுநாள் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு நாளைக்கு மூணு வேளையும் எவன்லே உள்ள போய்த் திங்கான்னு கஸ்பார் ஐயா தெருவுல நின்னு தலையில கை வச்சுட்டாரு.

முதல்ல என்னைத்தான் பிடிச்சாவ. பிள்ளை மேல சத்தியம் பண்ணுனேன். அப்புறம் மிக்கேலம்மாவைச் சந்தேகப்பட்டாவ, அவ ரெண்டு கோட்டுக்காரவியளைக் கைகாட்டுனா, அவிய நாலு கோட்டுக்காரவியளைக் கைகாட்டுனாவ, அஞ்சு கோட்டு ஐயா மேலேயே ஒரு நாள் சந்தேகம் வந்துது, வேட்டியில புளிக்கறை இருந்ததுனால. காவல் போட்டாவ. தெரு முக்குல ரெண்டு பேரு, கொல்லைப்பக்கம் ரெண்டு பேரு, வாற போறவன் வாயை மோந்து பாக்க ஒருத்தன். கதவைத் தொட மட்டும் யாருக்கும் துணிச்சல் இல்ல, தொட்டா இன்னொரு கோடு போயிருமோன்னு பயம். அடுப்புப் பொகை வரலையேன்னு ஒருத்தன் கேட்டதுக்கு, திருவிழாவுக்காக ஒருசந்தி நோன்பு இருக்காரு, பக்திமான்னு சொல்லி எல்லாரும் நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டாவ.

அஞ்சாவது நாளு கஸ்பார் ஐயா தெருவுல நின்னு, ஓய் பண்டாரி, உள்ள இருக்கீரான்னு கூப்பிட்டாரு. பதில் இல்ல. ரெண்டாவது தடவ கூப்பிட்டாரு, பதில் இல்ல. ஆளுங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாவ. மூணாவது தடவ அவரு வாயைத் திறக்கப் போறாரு, சரியா அந்த நேரம், கூட்டத்துக்குப் பின்னால எங்க சன்னலுக்குள்ள நின்ன நான் பண்டாரி மாதிரி இருமுனேன். ரெண்டு இருமல், ஒரு செருமல். எதுக்குச் செஞ்சேன்னு கேட்டா, அந்த இடத்துல ஒரு இருமல் வரணும்போல இருந்துது, அவ்வளவுதான். மனுசன் உள்ள கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு, பதில் சொல்ல மனசில்லன்னுதான் நானும் நெனச்சேன். எல்லாரும் ஆளு இருக்காருன்னு மூச்சு விட்டுட்டுக் காவலை இன்னும் கடுமையாக்கிட்டுப் போனாவ.

ஒம்பதாவது நாள். காலைச் சாப்பாட்டு வேளைக்கு மிச்சம் மூணு கோட்டுல ஒண்ணு போச்சு. ஆயர் காரு டவுன்ல இருந்து கெளம்பியாச்சுன்னு தகவல். தோரணம் கட்டியாச்சு, பேண்டு வாத்தியம் நிக்குது, ஊரே அந்தத் தெருவுல நிக்குது, எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கோம். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு ஒண்ணு. அந்தக் கடைசிக் கோடு மட்டும் பொழுது சாயுத வரைக்கும் ஒத்தையாக் கெடந்துது, ஆயரும் வந்தபாடில்ல. பெட்ரோமாக்ஸ் ஏத்துத நேரம், எங்க கண்ணு முன்னாலேயே, அந்த ஓரத்துல இருந்து இந்த ஓரத்துக்கு மெதுவாச் சுருங்கி நீலத்துக்குள்ள போயிட்டு.

கஸ்பார் ஐயா திரும்பி எங்களைப் பாத்தாரு. அவரு குரல் எனக்கு நல்லா வரும், ஆனா அன்னைக்குப் பேசுன குரலைச் செய்ய மாட்டேன். பண்டாரி வீட்ல இப்பம் உக்காந்து தின்னவன் எவனா இருந்தாலும் ஒத்துக்கோங்க, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன், என்ன கொழம்புன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டாரு. எல்லாரும் அடுத்தவன் வாயைப் பாத்தோம்.

மீன் கம்பெனிக்கு ஐஸ் கொண்டாற லாரி ஒண்ணு, நாங்க வழியை அடைச்சு நின்னதுல, தெரு நடுவுல ரொம்ப நேரமா நின்னுக்கிட்டு இருந்துது. டிரைவர் கோவில்பட்டிப் பக்கத்து ஆளு, எங்க ஊர்க் கோடும் தெரியாது, வழக்கமும் தெரியாது. ஐஸ் உருகித் தண்ணி சக்கரத்துக்கு அடியில ஓடுது. தலையை வெளிய நீட்டி எங்களைப் பாத்தாரு, மூடின கதவைப் பாத்தாரு, பக்கத்துல நின்னவன்கிட்ட என்ன ஏதுன்னு விசாரிச்சாரு. விசாரிச்சுட்டு, எல்லாருக்கும் கேக்கும்படியாச் சொன்னாரு:

"லெயோன் அண்ணாச்சியவா காவல் காக்கீங்க? அவரு இங்க இல்லையே. கொடியேத்தன்னைக்கு நீங்கெல்லாம் கோயில்ல இருக்கும்போது பட்டப்பகல்ல பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் லாரிலதான் ஏறுனாரு. எங்க ஐஸ் பேக்டரியில மூணு வேளையும் இப்ப அவரு சமையல்தான், நாங்க அத்தனை பேரும் அவரு கூட உக்காந்துதான் திங்கோம். ஊர்ல தேட மாட்டாங்களா அண்ணாச்சின்னு கேட்டேன். மாட்டாவ, கதவுக்கு மேலதான் பாப்பாவ, கதவைத் தட்ட மாட்டாவன்னு சொன்னாரு."